புதுப்பிப்பு: அக்கா மகளின் திருச்சி என்ஐடி வாய்ப்பு

பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் ரேங்க்கை வைத்து அக்கா மகளுக்கு, மத்திய அரசின் பொறியியல் கல்லூரிகளில் ஒன்றான திருச்சி என்ஐடியில் இடம் கிடைக்குமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். சொந்த மாநில ஒதுக்கீட்டில் நிச்சயம் கிடைக்கும் என்று பலரும் தைரியம் சொன்னீர்கள். நானும் அப்படியே நம்பினேன்.

நான் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் கணக்கையே மாற்றிவிட்டது. அவள் பிளஸ் டூ படித்தது விஜயவாடாவில், ஹாஸ்டலில். என்ஐடிகளில் பாதி இடங்கள் சொந்த மாநிலத்தவருக்குத்தான். ஆனால் சொந்த மாநிலம் என்பது வீடு இருக்கும் ஊர் இல்லை, பன்னிரண்டாம் வகுப்பு தேறிய மாநிலம். அதனால் பிறந்து வளர்ந்தது சென்னை என்றாலும் அவளுக்குக் கணக்கு ஆந்திரா. திருச்சியில் பிற மாநிலப் பட்டியலில்தான் போட்டியிட வேண்டும். போன வருடம் அந்தப் பட்டியலில் கடைசியாக இடம் கிடைத்த ரேங்க்கைப் பார்த்ததும் மனசு உடைந்துவிட்டது.

சரி என்று, திருச்சியை முதலிலேயே வைத்து, ஆந்திராவின் தாடேபல்லிகூடம் என்ஐடியையும் விருப்பப் பட்டியலில் சேர்த்தோம். எட்டாத இடத்தை மேலே வைப்பதால் கீழே உள்ளது பறிபோகாது. கலந்தாய்வின் முதல் சுற்றில் தாடேபல்லிகூடத்தில் சிவில் வந்தது. ஃப்ளோட் (கிடைத்த இடத்தை வைத்துக்கொண்டே, பட்டியலில் அதற்கு மேலே உள்ளது வருமா என்று பார்ப்பது) கொடுத்துக் காத்திருந்தோம். மூன்றாம் சுற்றில் அங்கேயே எலக்ட்ரானிக்ஸ்! சேரப்போகிறாள், சந்தோஷமாக இருக்கிறாள்.

பிள்ளையை வெளிமாநிலத்தில் பிளஸ் டூ சேர்க்க நினைப்பவர்கள், தயவுசெய்து இதை முதலிலேயே யோசியுங்கள்.