விபத்தில் வரும் ஆணிடம் வாடை பார்க்கிறோம், பெண்ணிடம் எதுவுமே கேட்பதில்லை

அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு மருத்துவர், விழுப்புரம் மாவட்டம்

எங்களுடையது நெடுஞ்சாலையை ஒட்டிய மருத்துவமனை. சனி, ஞாயிறு இரவு பத்து மணிக்கு டாஸ்மாக் மூடினால் பதினொன்றிலிருந்து ஸ்ட்ரெச்சர் ஓயாது. வருகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவுப் புத்தகத்தில் பெயரும் வயதும் எழுதிய கையோடு, வாயருகே குனிந்து மது வாடை இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம். பெண் வந்தால் அந்த இடம் காலியாகவே போகும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறத்தாழ 19 சதவீதம் பேர் குடிக்கிறார்கள், பெண்களில் ஒரு சதவீதம். மதுவை மட்டும் தேடினால் ஆண்களிடம்தான் அகப்படும். ஆனால் மயக்குவது மது மட்டுமா?

ஒரு நாள் காலை எட்டரை மணிக்குப் பள்ளி ஆசிரியை ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஸ்கூட்டரை நேராகச் சாலைத் தடுப்பில் கொண்டுபோய் மோதியிருக்கிறார், பிரேக்கைத் தொடவே இல்லை என்றார்கள். பேச்சு குழறியது, கண் சொருகியது. தலைக்காயம் என்று நினைத்து சி.டி. எடுத்தோம். அதில் ஒன்றும் இல்லை. மாமியாரை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கேட்ட பிறகுதான் சொன்னார்: பல மாதங்களாகத் தூக்கத்துக்கு குளோனசெபாம் போடுகிறார், முந்தின இரவு சளிக்கு, அதுவும் தூக்கம் வரவைக்கும் செட்டிரிசினும் சேர்ந்திருக்கிறது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இன்னொருவர் கொத்தனார். சரக்கு வாடை நன்றாகவே அடித்தது. "போதை தெளிஞ்சா எழுந்துடுவான்" என்று சுற்றியிருந்தவர்கள் சொல்ல, பணியிலிருந்த பி.ஜி. (மேற்படிப்பு) மருத்துவ மாணவி ஒத்துக்கொள்ளவில்லை. அரைமணிக்கொரு தரம் நினைவைச் சோதித்தார். நினைவை 15-க்கு மதிப்பிடும் கிளாஸ்கோ அளவு 13-லிருந்து 10-க்கு இறங்கியது, ஒரு கண்மணி விரிந்தது. மண்டையோட்டுக்கு அடியில் ரத்தம் கட்டியிருந்தது. உடனே அறுவைக்கு அனுப்பியதால் பிழைத்தார். குடிபோதை நேரம் ஆக ஆகத் தெளியத்தான் வேண்டும். நினைவு இறங்குகிறது என்றால் காரணம் வேறு.

வாடை அடித்தால் எல்லாமே போதை, அடிக்காவிட்டால் போதையே இல்லை என்று நினைப்பதில் இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது. நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்.

108 ஆம்புலன்ஸ் இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்)

சார், நாங்க ஏத்துற பொம்பளைங்கள்ல நிறையப் பேர் வண்டி ஓட்டினவங்களே இல்ல. பின்னாடி ஒருபக்கமா உக்காந்து, ஹெல்மெட் இல்லாம வந்தவங்க. போன வைகாசியில ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டுத் திரும்பின தம்பதி. அவருக்கு முழங்கைல சிராய்ப்பு. அந்தம்மாவுக்குத் தொடை எலும்பு ரெண்டா போச்சு, தலையிலயும் காயம். வண்டியில ஏத்தினதும் என் கையைப் புடிச்சிக்கிட்டு, "அவரு குடிச்சதை எழுதிடாதீங்க தம்பி, வேலை போயிடும், இன்சூரன்சும் வராது"ன்னு அழுதாங்க. அவ்வளவு வலியிலயும் அதுதான் அவங்க பேச்சு. அவங்க ரத்தத்தை டெஸ்ட் பண்ணா ஒண்ணும் இருக்காது, கணக்குல அவங்க "குடி சம்பந்தம் இல்லாத கேஸ்". ஆனா அவங்க காலை ஒடிச்சது அவரு போட்ட குவார்ட்டர்தான்.

விபத்து வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்

இந்தப் பயத்தை நானும் அடிக்கடி பார்க்கிறேன். கணவர் குடித்திருந்தார் என்பதால் பின்னால் இருந்த மனைவியின் இழப்பீட்டு உரிமை தானாகப் போய்விடாது. பேக்கேஜ் பாலிசி (முழுக் காப்பீடு) இருந்தால், முதலில் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கட்டும், பிறகு ஓட்டியவரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பான வழக்குகள் நிறைய உண்டு. வெறும் மூன்றாம் நபர் பாலிசி என்றால்தான் பின்னால் இருப்பவருக்குச் சிக்கல். மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வாடை என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள், ரத்தமும் எடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு சொல்வது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் என்ற அளவை. வாடையில் அளவு தெரியாது.

ஸ்டாஃப் நர்ஸ், சென்னை

ஒரு சதவீதம் என்றாலும் அந்தப் பெண்களும் வருகிறார்கள். ஓ.எம்.ஆரில் வேலை செய்யும் பெண், நண்பர்களோடு இருந்துவிட்டு ஸ்கூட்டியில் திரும்பும்போது விழுந்திருக்கிறாள். தூக்கிவிடும் முன்னால் யாரோ வீடியோ எடுத்தார்களாம். அந்தப் பயத்தில் எங்களிடமும் குடிக்கவே இல்லை என்று சாதித்தாள். தாடை முறிவு, அறுவை செய்ய வேண்டும். குடித்ததை மறைத்தால் மயக்க மருந்தில் உயிருக்கே ஆபத்து. அப்பாவை மருந்து வாங்க அனுப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். "ரெண்டு பீர்தான் சிஸ்டர். அதே அளவு குடிச்ச பசங்க நல்லாத்தானே இருந்தாங்க" என்றாள். பெண்ணின் உடம்பில் நீரின் பங்கு குறைவு, அதனால் அதே அளவு மது அவள் ரத்தத்தில் கூடுதலாக நிற்கும். இதை அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

மருந்துக்கடைக்காரர், தஞ்சாவூர்

அந்த டீச்சர் கதையை நான் கடையில தினம் பார்க்கிறேன். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் போடுற அல்பிரசோலம், டாக்டர் சீட்டு கட்டாயமான எச்1 மருந்துப் பட்டியல்ல இருக்கு, சீட்டு இல்லாம தரமாட்டேன். ஆனா எப்பவோ எழுதின பழைய சீட்டோட வர்றவங்கள்ல பெண்கள் அதிகம். வண்டி ஓட்டுவீங்களான்னு டாக்டர் கேட்டாரான்னு விசாரிச்சா, இல்லைம்பாங்க. சோல்பிடெம்ங்கிற தூக்க மாத்திரைக்கு, பெண்களுக்கு ஆரம்ப அளவை 10 மில்லிகிராம்லேருந்து 5 ஆக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-லேயே குறைச்சிடுச்சு. பெண்கள் உடம்புல அது மெதுவாக் கழியுது, காலையில வண்டி எடுக்கிறப்பவும் ரத்தத்துல மிச்சம் இருக்கும். சரி, போலீஸ் ஊதச் சொல்ற கருவியில இதெல்லாம் தெரியுமா டாக்டர்?

மீண்டும் விழுப்புரம் மருத்துவர்

தெரியாது. அந்தக் கருவி மூச்சில் உள்ள மதுவை மட்டும்தான் அளக்கும். 185-வது பிரிவில் மருந்தால் நிதானம் இழந்து ஓட்டுவதும் குற்றம்தான், ஆனால் அதைச் சாலையோரத்தில் யார் சோதிக்கிறார்கள்? வழக்கறிஞர் சொன்னது சரி. ரத்தம் எடுக்கும்போது தோலை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது என்பதையும் எங்கள் வார்டில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

இப்போதெல்லாம் ஆண், பெண் யார் வந்தாலும், உறவினரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு "நேற்றிலிருந்து என்ன மாத்திரை போட்டீர்கள்?" என்று கேட்கிறோம். பெண்களை நினைத்து ஆரம்பித்த கேள்வி. போன வாரம் சொட்டு மதுகூடத் தொடாத லாரி ஓட்டுநர் ஒருவர், முதுகுவலிக்கு இரண்டு வேளையும் டிரமடால் என்ற, தூக்கம் வரவைக்கும் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டுவதாகச் சொன்னார்.