ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ் 16வது எபிசோட் சட்டப்படி எங்கே கிடைக்கும்? அவசரம்

மழைக்குருவி:
வணக்கம். இந்த அமெரிக்க டிவி தொடரில் 16வது எபிசோட் மட்டும் எங்கே தேடினாலும் கிடைக்கவில்லை. மற்றதெல்லாம் ஆப்பில் இருக்கிறது. காசு கொடுத்துப் பார்க்கவும் தயார். டோரண்ட் லிங்க் தயவுசெய்து வேண்டாம். இன்று ராத்திரிக்குள் பார்த்தாக வேண்டும்.

செந்தில்_டிவி:
எந்த ஆப்? எந்த நாடு? கிடைக்கவில்லை என்றால், பட்டியலிலேயே இல்லையா, அழுத்தினால் ஓடவில்லையா?

யாழினி:
பாட்டு உரிமைப் பிரச்சினையாகத்தான் இருக்கும். 1980 வாக்கில் நடக்கிற கதை, அந்தக் காலத்து ராக் பாட்டுகள் எபிசோடுக்கு எபிசோட் வரும். அதற்கெல்லாம் உரிமை வாங்கி டிவிடி வெளிவரவே 2004 ஆகிவிட்டது. ஒரு பாட்டுக்கு உரிமம் முடிந்தால் அந்த எபிசோடை மட்டும் தூக்கிவிடுவதும் உண்டு.

பழைய_ரீல்:
விவரம் எதுவும் தராமல் அவசரம் என்று போட்டால் யார் என்ன சொல்வது? இங்கே வாராவாரம் இதே கதை. எது எங்கே ஓடுகிறது என்று காட்டும் ஜஸ்ட்வாட்ச் தளத்துக்குப் போய் நாட்டைத் தேர்ந்தெடுங்கள். சந்தாவில் எங்கே, வாடகைக்கு எங்கே, விலைக்கு எங்கே என்று தனித்தனியாகக் காட்டும். கேட்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

குமரன்:
விபிஎன் போட்டு வேற நாட்டுக்கு மாத்திப் பாருங்க, வந்துடும்.

யாழினி:
அவர் சட்டப்படி என்று கேட்கிறார் குமரன். ஒரு நாட்டுக்கு வாங்கிய உரிமத்தை வைத்து இன்னொரு நாட்டில் பார்ப்பது எப்படிச் சரியாகும்?

பழைய_ரீல்:
இரண்டையும் குழப்ப வேண்டாம். விபிஎன் வைத்திருப்பது பெரும்பாலான நாடுகளில் குற்றமில்லை. ஆனால் இடத்தை மாற்றிக் காட்டிப் பார்ப்பது பல தளங்களின் விதிகளுக்கு விரோதம். என்னைக் கேட்டால் ஸ்ட்ரீமிங்கை நம்பவே கூடாது. டிஸ்க் வாங்கி வையுங்கள், யாரும் வந்து பிடுங்க முடியாது.

குமரன்:
அமெரிக்க டிவிடி ரீஜன் 1, அதாவது அந்தப் பகுதி பிளேயருக்குன்னு பூட்டினது. வேற பகுதி பிளேயர்ல பொதுவா ஓடாது. அதை யார் சொல்றது?

மழைக்குருவி:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். அமெரிக்கா, ஹுலு. 16ஐத் திறந்தால் வேறு கதை ஓடுகிறது. கதாநாயகி லிண்ட்சே, கிம் என்ற பெண்ணின் வீட்டுக்குச் சாப்பிடப் போய் அங்கே பெரிய சண்டை நடக்குமே, அதுதான் வேண்டும். தோழி அனுப்பிய பட்டியலில் 16 என்றுதான் இருக்கிறது.

செந்தில்_டிவி:
அப்படியென்றால் எபிசோட் எங்கும் போகவில்லை, எண்தான் வேறு. மொத்தம் 18 எபிசோட். என்பிசி சேனல் 12ஐ ஒளிபரப்பிவிட்டுத் தொடரை நிறுத்தியது, 2000 ஜூலையில் இன்னும் 3 போட்டது. மீதி 3 அதே ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் ஃபாக்ஸ் ஃபேமிலி சேனலில் வந்தன. அவற்றில் முதலாவது நீங்கள் கேட்பது. ஒளிபரப்பான தேதிப்படி எண்ணினால் அது 16. ஆனால் கதை வரிசையில் அது 4. லிண்ட்சேயும் கிம்மும் நெருங்கத் தொடங்குவதே அதில்தான், கடைசியில் பார்த்தால் ஒட்டாது. டிவிடியிலும் 4தான். எண்ணை விட்டுவிட்டு 'கிம் கெல்லி இஸ் மை ஃப்ரெண்ட்' என்று தலைப்பை வைத்துத் தேடுங்கள். ஒற்றை எபிசோடாக விலைக்கு வாங்குபவர்களும் முதலில் கதைச் சுருக்கத்தைப் படித்துவிடுங்கள், இல்லாவிட்டால் காசு வீண்.

யாழினி:
ஹுலுவில் 2021 ஜனவரியில் சேர்த்தபோது மூலப் பாட்டுகளோடுதான் வந்தது. அதனால் பாட்டு மாறியிருக்குமோ என்று கவலைப்பட வேண்டாம்.

மழைக்குருவி:
4இல் இருக்கிறது! ரொம்ப நன்றி செந்தில் அண்ணா.

குமரன்:
ரீஜன் கேள்விக்கு இன்னும் பதில் வரலை.

பழைய_ரீல்:
எல்லா ரீஜனும் ஓட்டுகிற பிளேயர்கள் கடையில் விற்கின்றன. அதற்குத் தனி இழை போடுங்கள், மாடல் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.