கலைச்சொல்: ‘ஃபால் ரன்’ – கூதிர்வலசை

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கடல் தூண்டில் சொற்பட்டியலில் ஏற்றம் (கடல்நீர் ஏறுவது), வற்றம் (அது இறங்குவது), மணல்திட்டு, கழிமுகம் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்துவிட்டன. இலையுதிர்காலத்தில் மீன்கள் கூட்டமாக இடம்பெயர்வதைச் சொல்லும் ‘ஃபால் ரன்’ மட்டும் மூன்று வாரமாக நிற்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் நான்கு: இலையுதிர்கால மீனோட்டம், தென்செலவு, பருவப்பாடு, கூதிர்வலசை. கடைசிச் சொல் என்னுடையது. ஏன் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்பதை இந்த மடலில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பொருள். கோடை முழுக்கச் சிறுமீன்கள் கழிமுகங்களிலும் ஆழமில்லாத காயல்களிலும் வளர்கின்றன. பகல் குறுகி, குளிர்காற்று இறங்கத் தொடங்கியதும் முதலில் சில்லிடுவது இந்த ஆழமில்லாத நீர்தான். வெளிக்கடல் தன் சூட்டை மெதுவாகத்தான் விடும். உள்ளே குளிர், வெளியே கதகதப்பு என்றானதும் சிறுமீன்கள் வற்றத்தோடு வெளியே வந்து, கரையை ஒட்டியே கூட்டம் கூட்டமாக நகர்கின்றன. வளர்ந்த மடவை மீனுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது முட்டையிட வெளிக்கடலுக்குப் போகிறது. இவற்றைத் தின்று குளிர்காலத்துக்கு முன் கொழுப்புச் சேர்த்துக்கொள்ளப் பெரிய மீன்கள் பின்னாலேயே வருகின்றன. இந்த மொத்த நகர்வுக்குத்தான் நமக்கு ஒரு சொல் வேண்டும்.

> பெரும்பாலான மீன்கள் தெற்கே போவதால் ‘தென்செலவு’ பொருத்தம். செலவு என்பதற்குப் பயணம் என்ற பழைய பொருளும் திரும்ப வழக்குக்கு வரும்.

ஐயா, ‘செலவு’ எனக்கும் பிடித்த சொல். இடிப்பது ‘தென்’ என்ற முன்னொட்டுதான். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற மீன் நீங்கள் சொல்வதுபோலத்தான் போகிறது: கோடையில் மெய்ன் வரை ஏறி, இலையுதிர்காலத்தில் வர்ஜீனியா, வட கரோலினா பக்கம் இறங்குகிறது. ஆனால் அதே கரையில் வாழும் சம்மர் ஃப்ளவுண்டர் என்ற தட்டைமீன் தெற்கே போவதில்லை. விரிகுடாவை விட்டு ஆழ்கடல் பக்கம், கண்டத்திட்டின் விளிம்பை நோக்கிப் போகிறது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலோ அங்குள்ள இலையுதிர்காலமான ஏப்ரல், மே மாதங்களில் மடவை வடக்கு நோக்கிப் போகிறது. திசையைச் சொல்லுக்குள் வைத்துவிட்டால் பாதி உலகத்துக்கு அந்தச் சொல் பொய்யாகிவிடும்.

கருங்கடலிலிருந்து போஸ்பரஸ் நீரிணை வழியாக இலையுதிர்காலத்தில் இறங்கும் லூஃபெர் மீனையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்கர்கள் ப்ளூஃபிஷ் என்பதும், ஆஸ்திரேலியர்கள் டெய்லர் என்பதும் இதே மீன்தான். துருக்கியர் அளவைப் பொறுத்து இதைச் சினெகோப், லூஃபெர், கோஃபனா என்று தனித்தனிப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். ஒரு மீன் எப்போது, எந்த அளவில் தங்கள் கரையைக் கடக்கிறது என்று கவனித்துக்கொண்டே இருக்கும் மக்களிடம் இப்படித்தான் சொற்கள் பிறக்கின்றன. நம் பட்டியலும் அந்தக் கவனத்தோடு இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

> கடற்கரையில் ‘மீன்பாடு எப்படி?’ என்றுதானே கேட்கிறார்கள்? புதிதாக ஏன் ஆக்க வேண்டும்? ‘பருவப்பாடு’ போதும்.

தம்பி, நீங்கள் வழக்கிலிருந்து சொல் எடுத்தது மிகவும் சரி. ஆனால் பாடு என்பது நமக்குக் கிடைத்ததைச் சொல்கிறது. ரன் என்பது மீன் செய்வது. இந்த வேறுபாட்டை நான் கரையில் நின்றபடிதான் புரிந்துகொண்டேன்.

போன இலையுதிர்காலத்தில் ஒரு விடியற்காலை, முழங்கால் ஆழ நீரில் நின்றிருந்தேன். வற்றம் பாதியைத் தாண்டியிருந்தது. திடீரென்று எனக்கும் மணல்திட்டுக்கும் இடையே இருந்த பள்ளத்தில் நீர் கருத்து, பிறகு மழை பெய்வதுபோல் சலசலத்தது. விரல் நீளச் சிறுமீன்கள் கரைக்கே பாய்ந்து ஈர மணலில் விழுந்து துடித்தன. அடுத்த அலை பாதியை எடுத்துப் போனது. மீதி அங்கேயே கிடந்தன. கையில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். வால் பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் நேராகப் போயிருந்தது. ப்ளூஃபிஷ்தான். கொக்கிக்கு முன்னால் பல்லுக்கு அறுபடாத கம்பித் துண்டு கட்டாமல் எறிந்த என் முதல் தங்கூஸ் (நைலான் தூண்டில் இழை) அப்படியே அறுந்து போனது. கம்பி கட்டி எறிந்த பிறகு இரண்டு மீன் கிடைத்தன. இருபது நிமிடத்தில் எல்லாம் ஓய்ந்து, மணலில் ஒட்டிய செதில்கள் மட்டும் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன.

மறுநாள் அதே இடம், அதே வற்றம். பறவைகள் கூட்டமாகக் கடலில் பாய்ந்துகொண்டிருந்தன, ஆனால் என் எறி எட்டும் தூரத்தைப்போல் மூன்று மடங்குக்கு அப்பால். காலை முழுக்க ஒரு கடிகூட இல்லை. அன்று குறிப்பேட்டில் எழுதினேன்: “வலசை உண்டு, பாடு இல்லை.” எழுதிய பிறகுதான் இரண்டும் வேறு வேறு சொற்களாக இருந்தாக வேண்டும் என்று பட்டது. பாடு நம் பட்டியலில் ‘கேட்ச்’ என்பதற்கு நேராக ஏற்கெனவே இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.

மீனோட்டம் எளிய சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் பட்டியலில் அடுத்த வரியிலேயே நீரோட்டம் வருகிறது. “நீரோட்டத்துக்கு எதிரான மீனோட்டம்” என்று எழுதிப் பார்த்தேன். வேகமாகப் படிக்கும்போது கண் தடுக்குகிறது. தவிர, ஓட்டம் எந்த நாளிலும் இருக்கும். பருவம் மாறியதால் வாழிடம் விட்டு வாழிடம் போவது என்ற பொருள் அதில் இல்லை. வலசையில் இருக்கிறது. பறவைகளுக்கு நாம் எல்லோரும் இன்று வலசை என்றுதானே எழுதுகிறோம்?

> வலசை என்றால் படைக்கு அஞ்சி ஊர்விட்டு ஓடுவது என்றல்லவா அகராதி சொல்கிறது? மீனுக்கு எப்படிப் பொருந்தும்?

அக்கா, அந்தப் பழைய பொருள் எனக்குச் சொல்லை இன்னும் நெருக்கமாக்குகிறது. சிறுமீன் குளிருக்கு அஞ்சி வெளியேறுகிறது, வெளியேறிய இடத்தில் பின்னால் ஒரு படையே வருகிறது. பறவைக்கு விரிந்த பொருள் மீனுக்கும் விரியட்டும்.

அடுத்து, முன்பாதி. இலையுதிர்காலம் என்ற சொல்லை நான் நீக்கச் சொல்லவில்லை. நாட்காட்டியில் அதுவே இருக்கட்டும். ஆனால் அது மரத்தைப் பார்த்து வைத்த பெயர். கடலுக்குள் இருக்கும் மீனுக்குத் தெரிவது குளிர் ஒன்றுதான். கூதிர் என்ற சொல்லின் வேரே குளிர். கூதல் என்று இன்றும் பேச்சில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையை அது நினைவூட்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் ஐப்பசியும் கார்த்திகையும் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை. வடகோளத்து இலையுதிர்காலத்தின் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடுகிறது. தென்கோளத்தில் மாதம் மாறினாலும் குளிர் என்ற வேர்ப்பொருள் அப்படியே நிற்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே மாதப் பெயரிலிருந்து சொல் ஆக்குவதைத் தவிர்த்தேன்.

சொல் வளைகிறதா என்றும் சோதித்துப் பார்த்தேன். ‘ஸ்பிரிங் ரன்’ என்பதற்கு இளவேனில்வலசை என்று இணை கிடைக்கிறது. வலசைமீன், வலசைத்தடம், முன்வலசை, பின்வலசை எல்லாம் இயல்பாக வருகின்றன. ஒரு மாதிரி வாக்கியம்: “செப்டம்பர் 22, 23 வாக்கில் பகலும் இரவும் சமமாகும். அதையொட்டி வரும் உவா (அமாவாசை, பௌர்ணமி) ஓதங்கள் ஆண்டின் மிகப் பெரிய ஓதங்களில் சேரும். அவற்றின் வற்றம் கழிமுகத்து நீரை வழக்கத்தைவிட அதிகமாக வெளியே இழுக்கும். முன்வலசைக்கு அப்போதே கரையில் காத்திருக்கலாம்.” சத்தமாகப் படித்துப் பாருங்கள், எங்கேயும் தட்டவில்லை.

கரையோரம் நடக்கும் அந்த இருபது நிமிட வேட்டைக்கு, அதாவது ‘பிளிட்ஸ்’ என்பதற்கு, ‘மீன்கொதி’ என்று ஒரு நண்பர் தனிமடலில் அனுப்பியிருந்தார். நீர் கொதிப்பதுபோல் இருந்ததைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் எனக்கு உடனே பிடித்துவிட்டது. அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

இப்போது எனக்கு வேண்டியது ஒரே ஒரு முடிவு. கூதிர்வலசை என்று சேர்த்து எழுதுவதா, கூதிர் வலசை என்று பிரித்தா? சேர்த்து எழுதினால் அகரவரிசையில் ‘கூ’வில் நிற்கும், பிரித்து, வலசையைத் தலைச்சொல்லாக வைத்தால் இளவேனிலும் கூதிரும் அதன்கீழ் ஒன்றாக வரும். எனக்கு இரண்டாவது முறை வசதியாகப் படுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் அப்படியே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.