ஒன்லைன் கேமில் ஏச்சு: விளையாட்டின் சூடா, விளையாட்டைக் கெடுப்பதா?

கடற்கரை வீதி:
வெள்ளவத்தையில் நாங்கள் ஐந்து பேர் ஒரு டீமாக வலோரன்ட் விளையாடுகிறோம், ஐந்துக்கு ஐந்து பேர் சுட்டு விளையாடும் ஒன்லைன் கேம். டீமுக்கு இரண்டு சட்டம் வேண்டும் என்று கேட்டேன். ரவுண்ட் தோற்றால் யாரையும் ஏசக்கூடாது. தொடர்ந்து இரண்டு மேட்ச் தோற்றால் அன்றைக்கு ராங்க்ட் (தரநிலைக்கு விளையாடும் மேட்ச்) போதும். இரண்டு பேருக்குச் சம்மதம். மற்ற இரண்டு பேர் "பிறகு எதுக்கு விளையாடுவது?" என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

என் காரணத்தைச் சொல்கிறேன். ராங்க்ட்டில் ஆள் சேர்க்கும் முறையே, வெற்றியும் தோல்வியும் ஏறக்குறையச் சரிபாதியாக வரும்படி கட்டப்பட்டது. சதுரங்கத்தில் ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் ஈலோ புள்ளி போலத்தான்: வென்றால் இன்னும் பலமானவர்களோடு போடும், தோற்றால் கீழே இறக்கும். எவ்வளவு முன்னேறினாலும் பாதி மேட்ச் தோற்கத்தான் போகிறோம். தோல்வி வரும்போதெல்லாம் கொதிக்கிறவருக்கு, விளையாடும் நேரத்தில் பாதி கோபத்திலேயே போய்விடும்.

கொட்டாஞ்சேனை07:
அண்ணா, நான் உங்கள் டீமில் சம்மதிக்காத அந்த இரண்டு பேரின் பக்கம். காலிமுகத்திடலில் சொஃப்ட்போல் கிரிக்கெட் விளையாடும்போது கேட்சை விட்டால் எல்லாரும் கத்துவார்கள். அடுத்த ஓவரிலேயே மறந்துபோகும். வெல்ல வேண்டும் என்ற வெறி இருக்கிறவனுக்குத்தான் கோபம் வரும். "பரவாயில்லை, பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கும் டீமில் ஒருவன் ஒரே மூலையில் ஐந்து தரம் செத்தாலும் யாரும் சொல்ல மாட்டார்கள். அவனும் திருந்த மாட்டான். அதை நல்ல மனநிலை என்று என்னால் சொல்ல முடியாது.

நிலாபிங்:
தம்பி, காலிமுகத்திடலில் கத்துகிறவனின் முகம் உங்களுக்குத் தெரியும். ஆட்டம் முடிந்தால் இருவரும் ஒன்றாக நின்று இறால் வடை சாப்பிடுவீர்கள். மும்பை சர்வரிலோ சிங்கப்பூர் சர்வரிலோ உங்களிடம் ஏச்சு வாங்கிய ஆளை இனிமேல் நீங்கள் பார்க்கப்போவதே இல்லை. அவருக்கு மிஞ்சுவது அந்த ஏச்சு மட்டும்தான்.

நான் ஒரு பெண். மைக்கைத் திறந்து "இரண்டு பேர் ஏ பக்கம்" என்று சொன்னவுடன் வரும் பதிலில் பல நேரம் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. என் குரலைப் பற்றி இருக்கும், என் நாட்டைப் பற்றி இருக்கும், சமையலறைக்குப் போகச் சொல்லி இருக்கும். எல்லாரும் சுலபமாகச் சொல்வது "மியூட் பண்ணுங்கள் அக்கா". பண்ணுகிறேன். ஆனால் மியூட் பண்ணியவுடன் அந்த ஆள் தரும் தகவலும் போகிறது. எதிரி எங்கே, எத்தனை பேர், எவ்வளவு அடி வாங்கியிருக்கிறான் என்று தெரியாமல் விளையாடுகிறேன். அவர் ஏசுகிறார், ரவுண்டை இழப்பது நான்.

கொட்டாஞ்சேனை07:
அக்கா, அது அசிங்கம். அப்படிப்பட்டவர்களை ரிப்போர்ட் பண்ணித் தடை வாங்கிக் கொடுக்க வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் "ஏன் தனியப் போனாய்?" என்று சூடாகக் கேட்பதையும் அதையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள்.

கடற்கரை வீதி:
தம்பி, அந்தச் சூடு ஆட்டத்துக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். மூன்று ரவுண்ட் தோற்றுவிட்டோம், கேமில் துப்பாக்கி வாங்கும் காசு போதவில்லை. நான்கு பேர் சேமிக்கிறார்கள். ஏச்சு வாங்கியவனுக்கு உடனே நிரூபித்துக் காட்ட வேண்டும். கையில் இருப்பதை எல்லாம் கொட்டி 2900க்கு ஒரு வண்டல் துப்பாக்கி வாங்கிக்கொண்டு தனியே பாய்கிறான், சாகிறான். துப்பாக்கியை எதிரி எடுத்துக்கொள்கிறான். அடுத்த ரவுண்டில் நான்கு பேர் முழுதாக வாங்க, இவனுக்கு மட்டும் துப்பாக்கியும் கவசமும் சேர்த்து வாங்கக் காசு போதாது. ஒரு வசை இரண்டு ரவுண்டைத் தின்றுவிட்டது. நல்ல மனநிலை என்று நான் கேட்பது இனிப்பாகக் கதைப்பதை அல்ல. அடுத்த ரவுண்டில் சரியாக யோசிக்கும் நிலையில் ஐந்து பேரையும் வைத்திருப்பதைத்தான்.

தெஹிவளை அப்பா:
என் மகனும் இந்தக் கேம்தான் விளையாடுகிறான். அறைக்குள் அவன் கத்துவது கீழ் வீட்டுக்கும் கேட்கிறது. உலக சுகாதார நிறுவனமே இதை ஒரு கோளாறு என்று சொல்லிவிட்டதே? மனநிலையைப் பற்றி விவாதிப்பதை விட்டுவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

நிலாபிங்:
அங்கிள், உங்கள் கவலை விளங்குகிறது. ஆனால் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்த நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சொல்லியிருப்பது வேறு. விளையாட்டை நிறுத்த முடியாமல் போவது, படிப்பு, தூக்கம், வீடு எல்லாவற்றையும்விட அது முன்னுக்கு வருவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது. இது பொதுவாக 12 மாதமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். கத்துவது மட்டும் அதில் சேராது. மகன் சாப்பிட வருகிறானா, தூங்குகிறானா, தோற்றபின் எவ்வளவு நேரம் கதைக்காமல் இருக்கிறான் என்று கவனியுங்கள். மேட்ச் நடுவில் ரவுட்டரை மட்டும் நிறுத்தாதீர்கள். மற்ற நான்கு பேரையும் விட்டுவிட்டு ஓடியவன் என்று அவனுக்குத் தண்டனை விழும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தில் நாங்கள் அதை நிறைய அனுபவித்தோம். இருட்டில் உட்கார்ந்திருக்கிறவனை ஓடிப்போனவன் என்று ஏசுவார்கள்.

கொட்டாஞ்சேனை07:
சரி, நான் கேட்பது இது: சட்டம் போட்டால் மனிதர் மாறுவார்களா? லீக் ஒஃப் லெஜன்ட்ஸ் என்ற கேமில் 2021இல் எதிர் டீமோடு கதைக்கும் சாட்டை மூடிப் பார்த்தார்கள். சொந்த டீமுக்குள் நடக்கும் ஏச்சு அப்படியே இருந்தது.

கடற்கரை வீதி:
கொம்பனி போடும் சட்டத்தையும் நண்பர்கள் தமக்குள் போடும் சட்டத்தையும் ஒன்றாக எடுக்க முடியாது. டோட்டா 2 என்ற கேமில் கதைக்கும் விதத்துக்கே ஒரு புள்ளி இருக்கிறது, மிகவும் இறங்கினால் கதைக்கும் வசதியே போய்விடும். அது பயத்தால் நிற்பது. ஐந்து நண்பர்களுக்குள் அந்தப் பயம் தேவையில்லை. சரி, என் சட்டத்தைத் திருத்துகிறேன்: ரவுண்ட் நடக்கும்போது தகவல் மட்டும். குறை சொல்வது மேட்ச் முடிந்த பிறகு, எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும்.

கொட்டாஞ்சேனை07:
மேட்ச் முடியும் வரை காத்திருந்தால் அதே பிழையில் இன்னும் பத்து ரவுண்ட் போகும். 12ஆவது ரவுண்ட் முடிந்து பக்கம் மாறும்போதும் சொல்ல விடுங்கள். அப்படியானால் முதல் சட்டத்துக்கு நான் சம்மதம்.

இரண்டாவது சட்டத்தில் முடியாது அண்ணா. ஏஎல் வகுப்பு முடிந்து வந்து எனக்குக் கிடைப்பதே இரண்டு மேட்ச்தான். மூன்றாவதுக்கு நேரம் கிடைக்கும் நாளிலும் தோல்வியோடு எழும்பிப் போகச் சொல்கிறீர்கள்.

நிலாபிங்:
அந்த மூன்றாவதை ராங்க்ட்டாக விளையாடாதீர்கள் தம்பி. தரநிலையைத் தொடாத அன்ரேட்டட் போடுங்கள், நானும் வருகிறேன். மைக் திறந்திருக்கும்.