போர்க்கால சிப்போ லைட்டர்: பொறித்த ஆண்டும் அடிக்குறியும் பொருந்தவில்லை

கேள்வி:
வணக்கம். ஒருபுறம் "பிளேக்கு 67-68" என்று வியட்நாம் நகர் ஒன்றின் பெயரும் ஆண்டுகளும், மறுபுறம் அமெரிக்க நான்காம் காலாட்படைப் பிரிவின் சின்னமும் பொறித்த, சிப்போ என்ற அமெரிக்க நிறுவனத்தின் சிகரெட் லைட்டர் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. அடிப்பாகத்தில் நிறுவனப் பெயரின் இருபுறமும் இரண்டிரண்டு நேர்க்கோடுகள் உள்ளன. எழுத்துப் பள்ளங்களில் அழுக்கு படிந்திருப்பதே இது வியட்நாம் போரில் புழங்கியதற்குச் சான்று என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?

மறுமொழி 1:
அந்தக் கோடுகள் தயாரிப்பு ஆண்டைக் குறிப்பவை. 1966-இல் பக்கத்துக்கு நான்காகத் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு கோடாகக் குறைத்து, 1973-இல் ஒற்றைக் கோட்டில் நிறுத்தினார்கள். மொத்தம் நான்கு கோடுகள் என்றால் 1970. எனவே 1968-இல் ஊர் திரும்பிய வீரரின் சட்டைப்பையில் இது இருந்திருக்க இயலாது. அப்பிரிவின் தளம் பிளேக்கு நகருக்கு அருகில்தான் இருந்தது, இராணுவத்தினரின் பணிக்காலமும் பொதுவாக 12 மாதங்கள்தான் என்பதால் பொறிப்பு பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனால் இவை போலி செய்பவருக்கும் தெரிந்த செய்திகளே.

மறுமொழி 2:
கணக்கு சரி. எனினும் இதை உடனே போலி என்று தள்ளிவிட நான் தயங்குவேன், ஏனெனில் ஊர் திரும்பிய வீரர் பிற்பாடு புதிதாக ஒன்றை வாங்கி, தம் பழைய பணிக்காலத்தைப் பொறித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அதற்குப் போர்க்களத்தில் சுமந்த பொருளின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. அழுக்கு எதற்கும் சான்றாகாது; அதை ஒரு மாலையில் ஏற்றிவிடலாம். உருப்பெருக்கியில் கீறல்களைப் பாருங்கள்: மேற்பரப்பின் கீறல்கள் எழுத்தின் விளிம்பையும் சேர்த்துத் தேய்த்திருந்தால் எழுத்து பழையது, பழைய கீறல்களை எழுத்து வெட்டிக்கொண்டு போனால், அசல் லைட்டரில் பின்னாளில் பொறித்தது. சுற்றுலாப் பயணிகளுக்காக ஹோ சி மின் நகரில் விற்கப்பட்டவற்றில் இரண்டாவது வகை மட்டுமல்ல, முழுப் போலிகளும் உண்டு.

கேள்வி கேட்டவர்:
நன்றி. உள்பகுதி உறையைவிடப் புதியதாகத் தெரிகிறது. பொறிப்பில் ஓர் எழுத்துப்பிழையும் உள்ளது. இவையும் குறைகளா?

மறுமொழி 2:
இரண்டும் குறைகள் அல்ல. பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் உள்ள அந்நிறுவனம் எந்த லைட்டரையும் இலவசமாகப் பழுதுபார்த்துத் தருவதால், உள்பகுதி மாறியிருப்பது இயல்பு. ஆங்கிலம் அறியாத உள்ளூர்க் கைவினைஞர்கள் வீரர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வெட்டியதால் பிழைகளும் நேர்ந்தன. உங்கள் லைட்டரில் சிக்கல் அடிக்குறி மட்டும்தான். கீறல்களைப் பார்த்த பிறகு விலையைப் பேசுங்கள்.