புதுப்பிப்பு: சுவரோரம் வெளுத்துப்போன வெட்சி

இலையெல்லாம் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது என்று நான்கு மாதத்துக்கு முன் என் வெட்சிச் செடியைப் (இட்லிப்பூ) பற்றிக் கேட்டிருந்தேன். இரும்புச்சத்துக் குறையாக இருக்கும், மண்ணைச் சோதியுங்கள் என்றீர்கள். அதுவேதான்.

சுவரை ஒட்டிய மண்ணின் பி.எச். (அமில-கார அளவு; 7-க்கு மேல் போனால் காரம்) 8. பூச்சுவேலையில் சிந்திய சிமென்ட்டும் சுண்ணாம்பும் அங்கேயே கிடந்திருக்கின்றன. காரம் கூடினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. வெட்சிக்கு லேசான அமில மண்தான் பிடிக்கும். இது தெரியாமல் உரத்தை மேலும் மேலும் போட்டுக்கொண்டிருந்தேன்.

வேர்மண் உதிராமல் பெயர்த்து, ஐந்தடி தள்ளி, இலைமக்கு நிறையக் கலந்து நட்டேன். கீலேட் இரும்பு (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவிலான இரும்புச்சத்து) இரண்டு முறை தெளித்தேன். பழைய இலைகள் தேறவே இல்லை, கொட்டிவிட்டன. அந்த மூன்று வாரமும் மனசே சரியில்லை. அப்புறம் ஒரு கணுவில் செம்பழுப்பாக இரண்டு துளிர். பத்து நாளில் அவை விரிந்து நல்ல பச்சையாகின.

இன்று முதல் கொத்து. ஓரத்து மொட்டுகள் இன்னும் தீக்குச்சி முனைபோல் மூடியிருக்கின்றன. கிளை நுனியில்தான் பூக்கும் என்பதால் இப்போது கவாத்து (கிளை வெட்டுவது) இல்லை.

பழைய இடத்தில் அரளி வைத்திருக்கிறேன். அந்த மண் அதை ஒன்றும் செய்யவில்லை.