பன்முன்ஜோம் எல்லையில் கண்டவை: சென்று வந்தவர்கள் பகிர்கிறார்கள்

கடலூரான்:
வட, தென் கொரியாக்களின் எல்லையில் பன்முன்ஜோமில் இரு தரப்பும் பேச்சு நடத்தும் அந்த நீல நிறக் கூடத்தைப் படங்களில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் நேரே உள்ளே கண்டதற்கு வருகிறேன். பேச்சுவார்த்தை மேசையின் நடுவில் ஓடும் ஒலிவாங்கிக் கம்பிதான் எல்லைக்கோடு. மேசையைச் சுற்றி மறுபக்கம் போனால் வட கொரியாவில் நிற்கிறோம். எங்களுடன் வந்தவர்கள் அங்கே சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டிருக்க, வடக்கு வாசலை மறித்துக் கறுப்புக் கண்ணாடி அணிந்த தென் கொரியச் சிப்பாய் ஒருவர் கைவிரல்களை முட்டியாக இறுக்கி நின்றிருந்தார். இருபது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். அவர் காதோரம் புறப்பட்ட வியர்வைத் துளி தாடை வழியே இறங்கிச் சட்டைக் கழுத்தில் மறையும் வரை அவர் அசையவே இல்லை. ஏனோ அதுதான் இன்றும் கண்ணில் நிற்கிறது.

மலைச்சாரல்:
கடலூரார் கோபிக்க வேண்டாம். சிப்பாய் அப்படி நிற்பது பெரும்பாலும் பார்வையாளர்களுக்கான காட்சி. எனக்கு அடிவயிறு கலங்கியது, தெற்கே ஊடுருவ வட கொரியா எல்லைக்கு அடியில் தோண்டிய மூன்றாம் சுரங்கத்தில்தான். 1978இல் கண்டுபிடிக்கப்பட்ட அது தரைக்குக் கீழே ஏறத்தாழ 73 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. குனிந்தே நடந்தும் தலைக்கவசம் பாறையில் இடித்துக்கொண்டே வந்தது. நிலக்கரி தோண்டினோம் என்று வடக்கு சாதித்ததாம். அதற்காகக் கருங்கல் சுவரில் பூசிய கரி இன்னும் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. வெடி வைத்த துளைகளைச் சுற்றி மஞ்சள் வண்ணம் அடித்திருக்கிறார்கள். அவை ஒவ்வொன்றும் தெற்கு நோக்கியே இருப்பதைக் கண்டபின் மேலே ஏறிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் வரவில்லை.

பழைய வாசகர்:
காட்சி என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1976 ஆகஸ்ட் 18 அன்று, பார்வையை மறைத்த ஒரு பாப்லார் மரத்தின் கிளைகளை வெட்டச் சென்ற இடத்தில் அமெரிக்க இராணுவ அதிகாரிகள் இருவரை வட கொரியச் சிப்பாய்கள் கோடரியால் கொன்றார்கள். அதுவரை இரு தரப்புக் காவலர்களும் அந்த வளாகத்துக்குள் கலந்தே நடமாடினார்கள். கோடு போட்டுப் பிரித்தது அதன் பிறகுதான். மரம் நின்ற இடத்தில் உள்ள நினைவுக்கல்லைப் பேருந்துக் கண்ணாடி வழியாக மட்டுமே எங்களுக்குக் காட்டினார்கள். ஒரு மரக்கிளைக்காகப் போர் மூளும் நிலை வந்த இடத்தில் நிற்கும் பையன் வியர்க்காமல் என்ன செய்வான்? (கொரியப் போர் ஓய்ந்த 1953இல் ஊர் திரும்ப மறுத்த போர்க் கைதிகளை இங்கே காவல் காத்தது தளபதி திம்மையா தலைமை தாங்கிய ஆணையத்தின் கீழ் வந்த இந்தியப் படை என்பதை நம்மவர்களே மறந்துவிட்டார்கள்.)

தென்றல்:
இனிமேல் போகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். 2023 ஜூலையில் அமெரிக்கச் சிப்பாய் ஒருவர் சுற்றுலாக் குழுவோடு வந்து வடக்கே ஓடிவிட்டதால் பன்முன்ஜோம் பயணம் நிறுத்தப்பட்டது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே அந்தக் கூடம் வரை அழைத்துச் செல்வார்களா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டை அறையில் விட்டுவிட்டு வராதீர்கள், சோதனைச் சாவடியில் கேட்பார்கள். திங்கட்கிழமையைத் தவிருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் சுரங்கத்தில் இறங்க வேண்டாம், ஏற்றம் மிகச் செங்குத்தானது. எல்லையோர டோரா மேட்டிலிருந்து வட கொரிய நகரமான கேசோங் தெரிய வேண்டுமானால் மழைக்கு மறுநாள் போங்கள். நான் கண்டது சிறியது. எல்லைக்கு அருகிலுள்ள இம்ஜின்காக் பூங்காவில், வடக்கே உள்ள சொந்த ஊருக்குப் போக முடியாதவர்கள் முன்னோரை வணங்கும் வடக்கு நோக்கிய மேடையில், கொரியப் புத்தாண்டன்று ஒரு முதியவர் பேரிக்காய்களைக் காம்பு மேலிருக்கும்படி அடுக்கி, தரையில் நெற்றி பட வணங்கினார். எழுவதற்கு மகன் கை கொடுத்தபோது அதைத் தட்டிவிட்டு மறுபடியும் விழுந்து வணங்கினார். நீங்களும் அந்த நாளில் போவதானால் பேருந்தை நம்பாதீர்கள், விடுமுறை நெரிசலில் சாலை ஊர்ந்துதான் நகரும்.